அப்பாவின் இரண்டரை மணி

ஒரு மனிதர் தன் உடம்பை ஓர் ஊரிலும் தன் மணியை வேறோர் ஊரிலும் வைத்துக்கொண்டு வாழ முடியுமா? முடியும் என்றால், அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் எந்த ஊரில் வாழ்ந்தார்கள்? காலத்தைப் பற்றிய புத்தகங்கள் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதில்லை. எங்கள் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை கேட்டது. அதில் பாதியை அவரே சொன்னார். மீதி அவருடைய தம்பி மகள் சொன்னது.

அவருடைய அப்பா போருக்கு லாரி ஓட்டப் போனவர். துப்பாக்கி பிடிக்கவில்லை, மாவு மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மூன்று வருடம் வேறொரு நாட்டின் சாலைகளில் ஓட்டினார். திரும்பி வரும்போது கையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. எஃகு உடம்பு, கறுத்த தோல்வார், எண்களில் ஏழு மட்டும் பாதி அழிந்திருந்தது. அது அந்த நாட்டின் மணியைக் காட்டியது. நம் மணிக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வந்த வாரம் மாற்றுவார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வாரம் மாற்றவில்லை. அதற்குப் பிறகு வந்த இருபத்தாறு வருடங்களிலும் மாற்றவில்லை.

நகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். மணி பார்த்து இரண்டரையைக் கூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. தெருவில் அவருக்கு 'ரெண்டரை' என்றே பெயர் வந்துவிட்டது. தண்ணீர் வரத் தாமதமானால் குடத்தோடு நிற்கும் பெண்கள், "ரெண்டரை இன்னும் அங்கேர்ந்து கிளம்பலையா?" என்பார்கள்.

அம்மா ஜாக்கெட் தைப்பவர். முன்னறையில் தையல் எந்திரம், பின்னால் சமையலறை, அவ்வளவுதான் வீடு. தைத்துச் சேர்த்ததில் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிச் சமையலறையில் மாட்டினார். அப்பா அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏங்க, அங்க இப்ப மணி என்ன? அவ எந்திரிச்சிட்டாளா?"

அப்பா சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். கை கழுவப் போய்விடுவார். அம்மா பிள்ளைகளிடம் திரும்பிச் சொல்வார்: "உங்கப்பா இன்னும் ஊர் திரும்பலடி. சாப்பாட்டுக்கு மட்டும் இங்க வந்துட்டுப் போறாரு."

இதைச் சொல்லிவிட்டு எந்திரத்தை வேகமாக மிதிப்பார். அந்த வேகத்தில் தைத்த ஜாக்கெட்டுகள் பிரிக்க வேண்டி வந்ததுண்டு.

பிள்ளைகள் இருவரும் மணி பார்க்கக் கற்றது அப்பாவின் கையில். முள் எங்கே நிற்கிறது என்று பார், பிறகு கூட்டு. இது எல்லாக் கடிகாரத்துக்கும் உள்ள விதி என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் தம்பியை எழுப்பிச் சுவர்க்கடிகாரத்தில் மணி கேட்டார் வாத்தியார். பத்து மணி. தம்பி நிதானமாகக் கூட்டி, "பன்னெண்டரை சார்" என்றான்.

"ஏன்டா, சாப்பாட்டு பெல் அடிக்கச் சொல்றியா?"

வகுப்பே சிரித்தது. தம்பி வீட்டுக்கு வந்து அழுதான். அன்று முதல் தம்பி சமையலறைக் கடிகாரத்தின் பக்கம் போய்விட்டான். அக்காவோ இரண்டையும் வைத்துக்கொண்டாள். வெளியே கடிகாரம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது, அப்பாவின் கையைப் பார்த்தால் கூட்டுவது. கண் பட்டதும் மனம் தானாகக் கூட்டிவிடும். கூட்டினோம் என்பதே தெரியாது.

படித்து முடித்ததும் பேருந்து உரிமையாளர் சங்கத்தில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது. வீட்டில் மணி தப்பாக ஓடும்போது ஊருக்கு மணி சொல்லப் போகிறாளா என்று தெரு சிரித்தது. அவருடைய அறையை நீங்கள் எந்த ஊரிலும் பார்த்திருப்பீர்கள். ஆள் அகலத்துக்கு ஒரு கம்பி ஜன்னல், ஒரு மைக், ஆணியில் விசில், எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம், கண்டக்டர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. தனியார் பேருந்துகளுக்கு ஒரு நிமிடம் என்பது பத்துப் பயணி. ஒருவன் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் வருபவன் வயிறு எரிவான். சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அக்கா, அரை நிமிஷம்க்கா! ஒரு குடும்பமே ஓடி வருது பாருங்க!"

"அந்தக் குடும்பம் அடுத்த வண்டில வரட்டும். எடு."

அவரைப் பெரிய மனுஷி என்று நான் சொல்ல மாட்டேன். கறாரானவர், சிடுசிடுப்பு உண்டு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "வண்டி போயிடுச்சு" என்று சொல்லி அதற்கு மேல் பேச விடமாட்டார். ஆனால் அவர் விசில் ஊதினால் யாரும் மணியைச் சரிபார்த்ததில்லை. அப்போதெல்லாம் கையில் அவர் கடிகாரம் கட்டிக்கொண்டதில்லை. நாள் முழுவதும் கண்ணெதிரே ஒன்று தொங்கும்போது கையில் வேறு எதற்கு என்பார்.

அப்பாவிடம் அவருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதைச் சிறு வயதிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறார். "ஏம்ப்பா மாத்தல?" அப்பா ஒவ்வொரு முறையும், "சொல்றேன்" என்பார். சொல்லமாட்டேன் என்று ஒரு முறையாவது சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். சொல்கிறேன் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு இருபது வருடம் காத்திருந்தார்.

அப்பாவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு, அம்மா டம்ளர் கழுவப் போயிருந்த நேரத்தில், அப்பா மகளை அருகே கூப்பிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் நீ மட்டும் வா. அம்மா வேணாம்."

"ஏம்ப்பா?"

"இந்த வாட்ச் சமாசாரம்தான். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும்."

மறுநாள் அவருக்கு விடியற்காலை ஷிஃப்ட். நான்கு மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டுக்கு எழுந்தார். அம்மாவிடம் ஏதோ பொய் சொல்லிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் மருத்துவமனைக்குப் போய்விட்டார். நான்கிலிருந்து ஆறு வரைதான் பார்வையாளர் நேரம். வார்டு வாசலில் ஒரு நர்ஸ் வெளியே வந்து அப்பாவின் கடிகாரத்தைக் கொடுத்தார்.

"இதெல்லாம் போட்டுக்கக் கூடாதும்மா, வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. நாலு மணிக்கு விடுவோம், அங்க போய் உக்காருங்க."

அதை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார். காத்திருப்போர் கூடத்தில் நல்ல கூட்டம். சுவரில் கடிகாரம் மாட்டிய ஆணி இருந்தது, கடிகாரம் இல்லை. வெளியே மழை பிடித்து இருட்டிக்கொண்டு வந்தது. அவர் தூணில் சாய்ந்தார். விடியலுக்கு முன் எழுந்த உடம்பு, அப்படியே தூங்கிப்போனார்.

விழித்தபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. விளக்குப் போட்டிருந்தார்கள். கையைப் பார்த்தார். நான்கு பத்து. மனம் தானாகக் கூட்டியது: ஆறு நாற்பது.

நடந்தது இதுதான். கடிகாரத்தைக் கழற்றிய நர்ஸ், பாவம், மணி தப்பாக ஓடுகிறதே என்று சரிசெய்து கொடுத்திருந்தார். அது உண்மையாகவே நான்கு பத்து. கூடம் காலியாக இருந்ததற்குக் காரணம், எல்லோரும் அப்போதுதான் உள்ளே போயிருந்தார்கள். உலகத்தில் வேறு யார் அந்த முள்ளைப் பார்த்திருந்தாலும் எழுந்து உள்ளே போயிருப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் மட்டும்தான் அதைப் பார்த்து வெளியே போக முடியும்.

யாரையாவது கேட்டிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றதாம். ஊருக்கெல்லாம் நிமிடம் பார்க்கிறவள், பெற்ற தகப்பன் கூப்பிட்டபோது தூங்கிவிட்டாள் என்று. நாளைக் காலை சிகிச்சைக்கு முன்னால் எப்படியாவது பார்த்துவிடலாம் என்று மழையில் இறங்கிப் பேருந்து ஏறினார். வீட்டுக்குப் போக எங்கள் நிலையத்தில் மாறவேண்டும். தன் அறையில் உட்கார்ந்திருந்த மாலை ஷிஃப்ட்காரரைக் கண்டதும் நின்றார்.

"என்னக்கா, வேலை செஞ்சது பத்தலையா? மறுபடி வந்துட்டீங்க?"

சுவரில் ஐந்தடிக்க ஐந்து நிமிடம். கையைப் பார்த்தார். அதிலும் அதே. அப்பா போரிலிருந்து திரும்பியது முதல் சுவர் மணியும் இந்த மணியும் ஒன்றாக நின்று அவர் பார்த்ததில்லை. எதற்குப் பயந்தோம் என்று தெரியாமலே முதலில் பயந்தார், பிறகுதான் புரிந்தது.

திரும்ப ஓடினார். மழையில் தாழ்வான சாலையில் தண்ணீர் நின்று பேருந்து ஊர்ந்தது. மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது ஆறு மணி ஐந்து நிமிடம். வாசலில் இருந்த காவலாளி தினமும் எங்கள் நிலையத்தில் பேருந்து பிடிப்பவர்.

"ஆறாயிடுச்சும்மா. காலைல வாங்க."

"அண்ணே, அஞ்சே நிமிஷம்தான் ஆச்சு. எங்கப்பா காத்துக்கிட்டு இருக்காரு."

"உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடி வந்தா, எனக்கு என்னைக்காவது வண்டிய நிறுத்தியிருக்கீங்களா?"

அதில் வன்மம் இல்லை, வெறும் நியாயம். அவர் மழையில் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தார்.

காலையில் அவர் வருவதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அப்பா அதன்பின் கண் விழிக்கவில்லை. "நேத்து ரொம்ப நேரம் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரும்மா" என்றார் நர்ஸ். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். கடிகாரம் தப்பாக ஓடியதைத் தான் சரிசெய்ததையும் அதே நல்ல மனதோடு சொன்னார். டைம்கீப்பர் தலையாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, அப்பாவின் துணிகளை மடித்து வைக்கும்போது, மகள் தினமும் சாவி கொடுத்து வைத்திருந்த அந்தக் கடிகாரத்தை அம்மா கையில் எடுத்தார். ஏதோ ஒரு பழக்கத்தில் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் கையில் இருந்ததைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க்கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடியே, இங்க வா. மாத்திட்டாருடி."

மகள் அறை வாசலில் நின்றாள்.

"படுக்கையில கெடந்துக்கிட்டு மாத்தியிருக்காருடி உங்கப்பா. எனக்காகத்தான். போறப்பவாவது வீட்டுக்கு வந்து சேந்துட்டாரே." ஸ்டூலிலிருந்து இறங்காமலே அம்மா அழுதார். சாவு வீட்டில் இரண்டு வாரமாக அழாதவர். "நீ பாத்தியா? உன் எதிர்லயா மாத்துனாரு?"

"ஆமாம்மா."

இந்த ஒரு சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பொய் எப்போதுமே தவறு என்று வாதிட்ட ஒரு சிந்தனையாளரைக் கொண்டுவந்து அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதி. அந்தச் சொல்லுக்குப் பிறகு அம்மா குத்திப் பேசுவதை விட்டுவிட்டார். 'எங்க வீட்டுக்காரரு' என்று ஆரம்பித்து, கடைசியில் அவர் மணி மாற்றிய கதையை ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது கொஞ்சம் வளர்ந்தது. ஒரு கட்டத்தில் அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே முள்ளைத் திருப்பியதாக ஆகிவிட்டது. அதற்கும் மகள்தான் சாட்சி.

மகன் இருக்கும்போது அப்பாவின் கடிகாரத்தை மகள் கட்டிக்கொள்வதா என்று தம்பிக்கு மனத்தாங்கல். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "உனக்கு அதுல மணி பாக்கவே தெரியாதுடா. அவ வெச்சுக்கட்டும்." தம்பி ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான், எல்லாம் சரியாகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது, பேருந்து நிலைய முகவரிக்கு. போரில் அப்பாவோடு அதே லாரியில் மாற்று டிரைவராக இருந்தவர் எழுதியிருந்தார். மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் டயர்க்கடை வைத்திருக்கிறார். அண்ணன் இறந்த செய்தி இப்போதுதான் தெரிந்தது என்றும், அண்ணன் அந்த வாட்ச்சில் மணியை ஏன் மாற்றவில்லை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்றும், அதை எழுத்தில் வைக்கத் தனக்குத் திறமை போதாது என்றும், நேரில் வந்தால் சொல்வதாகவும் எழுதியிருந்தார்.

டைம்கீப்பர் அதைக் கையெழுத்து நோட்டுகளுக்கு அடியில் மேசை இழுப்பறையில் வைத்தார். அம்மா உயிரோடு இருக்கும்வரை போவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கேட்டுவிட்டு வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது என்று தம்பி மகளிடம் பின்னால் சொல்லியிருக்கிறார். அந்த ஊருக்குப் பேருந்து எட்டு நாற்பதுக்கு. ஏழு வருடம், ஷிஃப்ட் இருந்த ஒவ்வொரு காலையும், அந்தப் பேருந்துக்கு விசில் ஊதி அனுப்பினார்.

"அக்கா, ஒரு நாளைக்கு ஏறித்தான் வாங்களேன்" என்பார் அதன் டிரைவர். "காத்து நல்லா வரும். முன் சீட்டு உங்களுக்குத்தான்."

"நீ முதல்ல நேரத்துக்கு எடு."

பேருந்து வாசலைத் தாண்டி வளைந்து மறையும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரை அவர் உட்கார்ந்தேதான் இருந்தார். ஆனால் அந்த நேரத்தில் பேசினால் பதில் வராது. மற்ற எந்தப் பேருந்துக்கும் அப்படி இல்லை.

அம்மா தூக்கத்தில் போனார். வயதான சாவு, நல்ல சாவு என்றார்கள். தலைமாட்டில் சமையலறைக் கடிகாரத்தை மாட்டி வைக்கச் சொல்லியிருந்தார், அப்படியே செய்திருந்தார்கள். காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து டைம்கீப்பர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த தம்பி மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எட்டு நாற்பது பேருந்தில் ஏறினார். அன்று விசில் ஊதியவர் வேறொருவர். முன் சீட்டு அவருக்குத்தான் கிடைத்தது. மூன்று மணி நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று அவள் சொன்னாள்.

டயர்க்கடையை இப்போது மகன் நடத்தினார். அடுக்கிய டயர்கள், ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, அவற்றுக்குப் பின்னால் வீடு. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. கையைப் பிடித்து முகத்தருகே இழுத்துப் பார்த்தார்.

"அண்ணன் மூக்கு. அப்படியே அண்ணன் மூக்கு. ஏழு வருஷம் ஆச்சேம்மா, நான் லெட்டர் போட்டு!"

"வேலைங்க."

"ஒத்த வார்த்தைப் பதிலு. அண்ணனும் இப்படித்தான், ஒண்ணு கேட்டா ஒண்ணரை வார்த்தையில முடிப்பாருன்னு நெனைக்காதே. அங்க அவரு ஓயாம பேசுவாரு. மேஜர் மாதிரி நடந்து காட்டுவாரு பாரு, வயிறு வலிக்கும் எங்களுக்கு. ஒரு தடவை மேஜரே பின்னாடி நின்னு பாத்துட்டாரு!"

"எங்கப்பாவா?"

"பின்ன வேற யாரு?"

அதற்குப் பிறகு டைம்கீப்பர் கேட்க ஆரம்பித்தார். அப்பா அங்கே எங்கே தூங்குவார்? லாரிக்கு அடியிலா, மேலேயா? குளிருக்கு என்ன செய்தார்? வீட்டிலிருந்து கடிதம் வந்தால் உடனே படிப்பாரா, வைத்திருந்து படிப்பாரா? பயந்திருக்கிறாரா? பெரியவர் ஒவ்வொன்றுக்கும் நீட்டி முழக்கிப் பதில் சொன்னார். கடிதத்தை முதலில் பிரிக்காமலே நெற்றியில் அடித்துக்கொண்டு ஒரு நடை நடப்பாராம், பிறகுதான் பிரிப்பாராம். மகளின் எழுத்தில் முதல் கடிதம் வந்த அன்று பதினோரு லாரி டிரைவர்களுக்கும் அதைப் படித்துக் காட்டினாராம். அதில் இருந்தது இரண்டே வரி. சாப்பிட்டு முடித்து, தேநீர் குடித்து, மூன்றரை மணிக்கு மேலும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் அத்தை ஒரே மூச்சில் இவ்வளவு பேசி தம்பி மகள் பார்த்ததில்லை.

கடைசியில் பெரியவரே நிறுத்தினார்.

"எல்லாம் கேட்டே. நீ வந்த விஷயத்தை இன்னும் கேக்கலையே? அந்த வாட்ச்சு. கட்டியிருக்கே போல, டிக் டிக்குனு எனக்குக் கேக்குது." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சொல்லட்டுமா?"

டைம்கீப்பர் கையைத் திருப்பி மணி பார்த்தார். மூன்று ஐம்பது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"நேரமாயிடுச்சுங்க. பஸ்ஸைப் பிடிக்கணும்."

"என்னம்மா இது? ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுவேன்."

"இன்னொரு தடவை வரேங்க. உடம்பைப் பாத்துக்குங்க." குனிந்து அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஒருமுறை பிடித்துக்கொண்டார். பெரியவர் வாய் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் சிமென்ட் பெஞ்சு ஒன்று காலியாக இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். "ஏன் அத்தை கேக்கல?" என்றாள் தம்பி மகள். "தண்ணி பாட்டில்ல இருக்கா பாரு" என்றார் அவர். திரும்பும் பேருந்து ஐந்தேகாலுக்கு. அந்தத் தடத்தின் கால அட்டவணையைத் தன் கையால் எழுதி ஒட்டியவர் அவர்தான்.